அஞ்சற் பொதியின் வழித்தடம்

மதுரையில் வாழும் அன்னை ஒருத்தி, இலண்டன் மாநகரில் கல்வி பயிலும் தன் மகனுக்கு அவனுடைய மூலச் சான்றிதழ்களை விரைவு அஞ்சலில் அனுப்புகிறாள் எனக் கொள்வோம். அவை வழியிலே தவறுமாயின் மீண்டும் பெறுதல் எளிதன்று. அஞ்சலகத்தார் அவளிடம் தரும் சீட்டில், 'ஈஈ 205130467 ஐஎன்' என்றாற்போல் பதின்மூன்று குறிகள் அமைந்திருக்கும். பொதியைப் பற்றிய செய்திகளை அறிதற்கு அவையே திறவுகோலாம்.

இக்குறிமுறையை வகுத்தது உலக அஞ்சல் ஒன்றியம். 1874 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் தோன்றிய இவ்வமைப்பில், இந்தியா 1876 இல் சேர்ந்தது. முதலில் நிற்கும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் அஞ்சலின் வகையையும், இறுதி இரண்டும் அனுப்பிய நாட்டையும் குறிக்கும். நடுவேயுள்ள ஒன்பது இலக்கங்களுள் முதல் எட்டும் பொதியின் வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் யாது? அது காவலன் போன்றது.

வரிசை எண்ணின் இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்பனவற்றாற் பெருக்கிக் கூட்டுக. நம் எடுத்துக்காட்டில் 125 வரும். அதனை 11 ஆல் வகுத்தால் மீதி 4. அம்மீதியை 11 இலிருந்து கழிக்க 7 கிடைக்கும். அதுவே ஒன்பதாம் இலக்கம். (மீதி 0 அல்லது 1 ஆயின் வேறு விதி உண்டு, அதனை இங்கு விடுத்தோம்.) ஒருவர் கைதவறி 13 என்பதை 31 என மாற்றி எழுதிவிட்டால், விடை 7 ஆகாது 9 ஆகும். கணிப்பொறி உடனே பிழையைக் கண்டுகொள்ளும். மாணவர்களே, தாளும் எழுதுகோலும் கொண்டு நீங்களே செய்து பாருங்கள்.

இனி, அன்னையின் கவலைக்கு வருவோம். 'நாட்டைவிட்டுப் புறப்பட்டது' என்ற செய்திக்குப் பின் சில நாள் யாதொரு செய்தியும் வாராமற்போகலாம். பொதி தொலைந்ததோ என அவள் நெஞ்சம் பதறும். உண்மை அதுவன்று. பொதி எங்கே இருக்கிறது என்று எவரும் இடைவிடாது நோக்கிக்கொண்டிருப்பதில்லை. அதன்மேல் ஒட்டிய கோட்டுக்குறியை ஒளிக்கருவி படிக்கும்போதுதான் செய்தி பிறக்கிறது. அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் அதனைப் பிற பொதிகளோடு பெரும்பையில் இட்டு மூடிவிடுகின்றனர். பின்னர் விமானத்துக்காகக் காத்திருப்பதும் வானிற் பறப்பதும் அப்பைதான். இலண்டனில் பையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தாலன்றிப் பொதிக்குத் தனிக்குரல் இல்லை.

அடுத்துச் சுங்கச் சோதனை. பொருள்கள் அடங்கிய பொதியாயின், உள்ளே இருப்பன இவை, இவற்றின் மதிப்பு இவ்வளவு என்று அனுப்புவோர் எழுதிய படிவத்தை அதிகாரிகள் நோக்குவர். படிவம் தெளிவற்றிருந்தால் பொதி அங்கேயே தங்கிவிடும். தடையின்றி நீங்கிய பொதி உள்நாட்டு அஞ்சலரிடம் சேரும். அவர் அதனை மகன் கையில் ஒப்படைத்துப் பதிவு செய்யும் செய்தி, சிறிது நேரத்தில் மதுரையிலும் தெரியும்.