உங்களுக்குத் தெரியுமா? ஒப்பந்தம் வந்தது, துறைமுகம் போனது

1964 அக்டோபர் 30 அன்று, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். எட்டு வாரம்கூட முடியவில்லை. டிசம்பர் 22 இரவுப் புயலில், தலைமன்னார்க் கப்பல் போய்ச் சேரும் தனுஷ்கோடியே அழிந்துபோனது!

• பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டத்து மக்கள் தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாகத் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறினார்கள். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கதறியதால் அதற்கு 'அழுகைக் கோச்சி' என்றே பேர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிற அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து கடற்கரைவரை இறங்கும் பயணம் அது. பலருக்கு அது ஒருவழிப் பயணம்.

• 1984இல் உள்நாட்டுப் போரால் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தும் பல்லாயிரம் பேர் போக வழியின்றித் தோட்டத்திலேயே தங்கினார்கள். இலங்கைக் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வளவு காலம் அவர்களைக் காக்கவைத்தது பெரும் அநியாயம்.

• போரில் அழிந்த தண்டவாளம் இந்தியக் கடனுதவியில் மறுபடி போடப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. கப்பல் திரும்பவில்லை.

• நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலின் இயக்கச் செலவுக்கு மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக 2024இல் இந்தியா அறிவித்தது. தலைமன்னார்த் துறைக்கும் அப்படியொரு ஒதுக்கீடு வேண்டும். மலையகத்தார் சொந்தங்களைப் பார்க்கப் போன வழி அதுதான்.