வெள்ளி முயலின் நெடும்பயணம்

சில்வர் ஃபாக்ஸ். பெயரில் நரி இருந்தாலும் இது முயல்தான், நேயர்களே! அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வால்டர் கார்லண்ட் உருவாக்கிய இனம். 1925-இல் அங்கீகாரம் பெற்றது. கறுப்பு மேனியெங்கும் வெள்ளி முடிகள். முதுகு ரோமத்தை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் அப்படியே நிமிர்ந்து நிற்கும். மறுபடி தடவிக் கொடுத்தால்தான் படியும். அபூர்வ அழகு!

ஒரு காலத்தில் அருகிப்போன இந்த இனத்தை வளர்ப்பவர்கள் மாநிலத்துக்கு மாநிலம் சிதறியிருக்கிறார்கள். பக்கத்திலேயே கிடைக்கிறதென்று ஒரே வீட்டுக் குட்டிகளை வாங்கி இணை சேர்த்தால் வம்சம் நலிந்துவிடும். அதனால்தான் வம்சாவளிச் சீட்டைப் பார்த்து, உறவில்லாத முயல்களைத் தேடி அத்தனை தூரம் அலைகிறார்கள். முயல் கண்காட்சிக்குப் போகும் வளர்ப்பாளர்களின் வண்டிகளில் கைமாறி வந்து சேரும் முயல்களும் உண்டு.

வழியில் பெரிய எதிரி வெயில். முயலுக்கு வியர்த்து உடல் தணியாது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு வெளியேறும். கூண்டுக்குள் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். பயணம் முழுக்க உலர்புல் இருக்க வேண்டும். இரை நின்றால் குடல் இயக்கம் நின்றுவிடும், அது உயிருக்கே ஆபத்து.

வந்திறங்கியதும் சில வாரங்கள் தனிக் கூண்டு. பழைய வீட்டுத் தீவனத்தில் ஒரு பை கேட்டு வாங்கி வந்து, புதியதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுப்பது நல்லது.