உங்களுக்குத் தெரியுமா? திரையிலிருந்து இறங்கும் வேடங்கள்

மரியோவின் தொப்பியும் மீசையும் அழகுக்காக வந்தவை அல்ல. 1981இல் 'டாங்கி காங்' வீடியோ ஆட்டத்துக்காக ஷிகெரு மியாமோட்டோ அவரை உருவாக்கியபோது சில புள்ளிகளுக்குள் ஆளையே அடக்க வேண்டியிருந்தது. தலைமுடி சரிவரவில்லை, தொப்பி வைத்தார். வாய்க்கு இடமில்லை, மீசை ஒட்டினார். கை வீசுவது தெரிய வேண்டுமே என்று சட்டைக்கு ஒரு நிறம், ஓவராலுக்கு வேறு நிறம். அந்த முதல் மரியோவுக்குச் சிவப்பு ஓவரால், நீலச் சட்டை. இன்றைய மரியோவுக்கு நேர்மாறு. ஆட்ட நாயகர்களைப் போல வேடமிட்டு வரும் காஸ்ப்ளே விழாவில் சிவப்பு ஓவராலில் ஒரு மரியோ வந்தால் சிரித்துவிடாதீர்கள், அவர் நம்மைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

'மெட்ராய்டு' நாயகி சேமஸ் ஆரனின் தோள்களில் இருக்கும் பெரிய உருண்டைகள் கேம்பாய் என்ற கையடக்க ஆட்டக் கருவி தந்த சீதனம். 1986இல் வந்த முதல் ஆட்டத்தில் அவள் புதுக் கவசம் பெற்றால் நிறம் மாறும். 1991இல் வந்த இரண்டாவது ஆட்டம் வண்ணமே இல்லாத கேம்பாய் திரைக்கு. கவசம் மாறியதை எப்படிக் காட்டுவது? தோளை உருட்டிவிட்டார்கள். வண்ணத் திரை வந்த பிறகும் உருண்டை போகவில்லை. அதை அச்சு அசலாகச் செய்து மாட்டிக்கொள்பவர் குறுகிய வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

'செல்டா' நாயகன் லிங்க்குக்கு எந்தக் கையில் வாள்? நெடுங்காலம் இடக்கைக்காரன். 2006இல் 'ட்வைலைட் பிரின்சஸ்' வீ ஆட்டக் கருவிக்கு வந்தபோது, ஆடுபவர்களில் பெரும்பாலோர் அதன் கைப்பிடியை வலக்கையால் வீசுவார்களே என்று, ஆட்டம் முழுவதையும் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிட்டார்கள். மலையும் ஊரும்கூட இடம் வலமாயின! அதே ஆட்டத்தின் கேம்க்யூப் பதிப்பில் அவன் இடக்கைக்காரனாகவே இருக்கிறான். எந்தப் பதிப்பின் லிங்க் என்று தீர்மானிக்காமல் முதுகில் உறையைக் கட்டினால் வம்புதான்.

திரையில் ஒரு நாயகன் கையைத் தூக்கும்போது தோள்கவசம் கழுத்துக்குள் புகுந்து வெளியே வரும். கணினிக்கு ஆட்சேபம் இல்லை. மனிதக் காதுக்கு உண்டு. ஆகவே வேடம் போடுவோர் கவசத்தைத் துண்டாக்கி, எலாஸ்டிக் பட்டையில் தொங்கவிடுகிறார்கள்.

பளபளக்கும் அந்த இரும்புக் கவசம் பெரும்பாலும் ஈ.வி.ஏ. ஃபோம். செருப்பு அடிப்பகுதியிலும் குழந்தைகள் விளையாடும் தரைவிரிப்பிலும் இருக்கும் அதே பொருள். சூடான காற்றைக் காட்டினால் வளையும். மேல்பரப்பின் நுண்துளைகளும் அடைபட்டு, பெயிண்டை அதிகம் குடிக்காது. ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். இரு பக்கமும் பசை தடவி, அது காயும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். ஒட்டியதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. வாசனையும் பொல்லாதது, முகக்கவசம் அவசியம்.

'ஹேலோ' ஆட்டத்தின் ரசிகர்கள் பலர் கவசம் செய்யத் தொடங்கியது காகிதத்தில். ஜப்பானிய மென்பொருளான பெப்பகுரா டிசைனர் முப்பரிமாண உருவத்தை விரித்துத் தட்டையான துண்டுகளாக்கித் தரும். தடித்த தாளில் அச்சிட்டு, மடித்து ஒட்டி, ரெசின் பூசி, உள்ளே ஃபைபர்கிளாஸ் கொடுத்து, கார் பட்டறையில் செய்வதுபோலப் பட்டி பார்த்துத் தேய்த்தால் ஹெல்மெட் தயார். அளவை முன்பே பார்க்காவிட்டால் தலை நுழையாது.

'விட்சர் 3'இன் போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட், வேடம் போடுவோருக்காகவே வழிகாட்டிப் படத் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. முதுகுப்புறக் கொக்கி எப்படி இருக்கும் என்று ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வேலை மிச்சம்.

டோக்கியோவின் காமிகெட் விழாவுக்கு வேடத்தோடு ரயிலேறி வரக் கூடாது. அங்கே போய்த்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய கவசமானாலும் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கும்படி இருக்க வேண்டும் என்பதை வரைபடம் போடும்போதே யோசித்தாக வேண்டும்.