பழைய தொலைக்காட்சியில் புள்ளி தெரிகிறதா?

தமிழக அரசு 2006 முதல் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2011 முதல் மாணவர்கள் பெற்ற விலையில்லா மடிக்கணினிகளும் அதே வீடுகளில் இருக்கலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் மாலையில் கூடிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் இணைத்தே ஒரு பாடத்திரை அமைத்துவிடலாம்.

மடிக்கணினியின் ஹெச்டிஎம்ஐ துளை தருவது டிஜிட்டல் சிக்னல். பழைய பெட்டி ஏற்பது அனலாக் சிக்னல். எனவே வெறும் ஒயர் போதாது; நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் ‘ஹெச்டிஎம்ஐ டு ஏவி’ என்று தெளிவாகக் கேளுங்கள். ‘ஏவி டு ஹெச்டிஎம்ஐ’ என்பதும் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அது எதிர்த்திசையில் மட்டுமே வேலை செய்யும்.

இணைக்கும்போது பெட்டி அணைந்திருக்கட்டும். கன்வெர்ட்டருக்கு யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுங்கள். மஞ்சள் முனை படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. கன்வெர்ட்டரில் உள்ள சிறு விசையை நம் நாட்டு முறையான ‘பால்’ பக்கம் தள்ளுங்கள். பெட்டியை இயக்கி, ரிமோட்டில் ஏவி பொத்தானை அழுத்துங்கள். மடிக்கணினியில் விண்டோஸ் பொத்தானுடன் ‘பி’ எழுத்தைச் சேர்த்து அழுத்தி, ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஜிஏ துளை மட்டும் உள்ள கணினிக்கு ‘விஜிஏ டு ஏவி’ கன்வெர்ட்டர் தேவை. விஜிஏ ஒலியைக் கடத்தாது. ஹெட்போன் துளையிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் பெட்டியின் பின்மூடியைத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

படம் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பால் முறையில் படத்துக்குக் கிடைப்பவை 576 கிடைக்கோடுகள்தாம். மடிக்கணினித் திரைகள் பலவற்றில் 768 கோடுகள் உள்ளன. சேலைக்கான டிசைனைக் குறைந்த கட்டங்கள் உள்ள கிராஃப் தாளில் வரைந்தால் மயில் இருக்கும்; மயிலின் கண் இருக்காது. இங்கும் அதுதான் நடக்கிறது. திரையில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். 3.5 என்பது 35 ஆகும். ண, ன வேறுபாடு மங்கும். குழந்தை கண்ணில் பட்டதை எழுதும். நாமோ அதைப் பிழை என்று சுழிப்போம்.

ஆகவே கணினிக்காகச் செய்த பக்கத்தை அப்படியே காட்டாமல், 4:3 அளவில் புதிதாகத் தயாரிப்போம். ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிகள் போதும். எழுத்து பெரிதாகவும் தடித்தும் இருக்கட்டும். மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும். அவற்றையும் தடிமனாக வரையுங்கள். பழைய பெட்டி ஓரங்களை வெட்டிவிடும் என்பதால் நான்கு பக்கமும் இடம் விடுங்கள்.

பாடத்துக்கு முன் ‘பல் – பல’, ‘ண – ன’, ‘3.5’ ஆகியவை கொண்ட ஒரு சோதனைப் பக்கத்தைத் திரையிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது பிள்ளைகளை முன்னால் அமர்த்துங்கள். புள்ளி தெரிந்த பிறகே பாடத்தைத் தொடங்குங்கள்.