உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு

பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் வந்துவிட்ட நம்மவரில், ‘சட்டம் படித்திருக்கலாமே’ என்று ஒரு முறையேனும் எண்ணாதவர் சிலரே. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இந்த எண்ணம் தோன்றும். அலுவலகத்தில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும்போது இன்னும் வலுவாகத் தோன்றும். பட்டம் பெற்று, ஐந்தாறு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, குடும்பப் பொறுப்பும் ஏற்றுக்கொண்ட பின்னர் இந்த எண்ணத்தைச் செயலாக்க இயலுமா என்பதே கேள்வி. இயலும். ஆனால் எதற்கு இயலும், எதற்கு இயலாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு ஆண்டு உழைப்பை வீணாக்கியபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

தமிழ்நாட்டில் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகிறார்கள். ஊரில் உள்ள தம்பியோ அத்தை மகனோ தேர்வு எழுதாமலே சேர்ந்துவிட்டான் என்பதைக் கொண்டு, நாம் வாழும் மாநிலத்திலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. மகாராஷ்டிரத்தில் அரசு நடத்தும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் ‘லாசெட்’ என்ற தேர்வு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 2023ஆம் ஆண்டு முதல், தேசியத் தேர்வு முகமை நடத்தும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வின் வழியாகவே சட்ட மாணவர்களைச் சேர்க்கிறது. இந்தியாவின் எந்த மூலையில் பட்டம் பெற்றவரும் தில்லித் தேர்வை எழுதலாம். மாநிலத் தேர்வுகளிலோ, அம்மாநிலத்தவர், பிற மாநிலத்தவர் என்ற பாகுபாடு இருப்பதுண்டு. ஆகையால், நாம் எந்த வகுப்பில் அடங்குவோம் என்பதைத் தகவல் கையேட்டின் முதற்பக்கங்களில் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். பட்டப் படிப்பில் பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீதம் வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் கேட்கலாம்.

இனி, உத்தியோகஸ்தருக்கே உரிய சங்கடத்துக்கு வருவோம். நுழைவுத் தேர்வை எழுதுவதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். தேர்ச்சி பெற்றுக் கல்லூரியில் சேர்வது வேறு விஷயம். சட்டப் படிப்பை அஞ்சல் வழியாகப் படிக்க முடியாது. வகுப்புக்கு நேரில் போக வேண்டும். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகையைக் கேட்கின்றன. வருகை குறைந்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சட்ட மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனாலும் வகுப்பையே எட்டிப் பாராமல் பட்டம் வாங்கிவிடலாம் என்பது அதன் பொருளன்று. இதனோடு இன்னொன்று. 2024 செப்டம்பரில் வழக்கறிஞர் மன்றம் அனுப்பிய சுற்றறிக்கை, படிக்கும் காலத்தில் வேலை பார்க்கும் மாணவர் அதனை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்றும், மேலதிகாரியிடமிருந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்ற சான்றினைப் பெற்றிருக்க வேண்டும் என்றும் கூறிற்று.

ஆகவே தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்னரே செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எட்டக்கூடிய தொலைவில், காலையிலோ மாலையிலோ வகுப்பு நடத்தும் கல்லூரி உண்டா என்று நேரில் போய்ப் பார்ப்பது ஒன்று. அலுவலகத்தில் அந்தச் சான்று கிடைக்குமா என்று விசாரிப்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்கப் பலர் கூசுகிறார்கள். ‘முதலில் தேர்வில் வெற்றி பெறுவோம், பிறகு கேட்போம்’ என்பது அவர்கள் வாதம். நல்ல இடம் கிடைத்து, சான்று கிடைக்காமல் அதனை விட்டுக்கொடுத்தவர் ஒருவரை நான் அறிவேன். அந்த ஏமாற்றம், தேர்வில் தோற்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் கடுமையானது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்? ஆங்கிலம், பொது அறிவு, நாட்டு நடப்பு, தர்க்கம் ஆகியவை ஏறக்குறைய எங்கும் உண்டு. மகாராஷ்டிரத் தேர்வு போன்றவற்றில் சட்ட நாட்டம் என்ற பகுதியும் உண்டு. நம்மவர் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இப்பகுதியில் பெரும்பாலும் ஒரு சட்டக் கோட்பாட்டைக் கொடுத்து, ஒரு சம்பவத்தையும் கொடுத்து, முடிவு என்ன என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் தீர்ப்பான ஒரு வழக்கைப் பாருங்கள். ஃபெல்ட்ஹவுஸ் என்ற ஒருவர் தம் உறவுப் பிள்ளையின் குதிரையை விலைக்குக் கேட்டார். விலையில் சிறு குழப்பம் ஏற்பட்டது. பெரியவர் கடிதம் எழுதினார்: குதிரைக்கு முப்பது பவுனும் பதினைந்து ஷில்லிங்கும் தருகிறேன், இனி உன்னிடமிருந்து ஒன்றும் தெரியவராவிட்டால், குதிரை என்னுடையதென்றே கொள்வேன் என்பது அதன் சாரம். இளையவர் பதில் எழுதவில்லை. ஆனால் விற்கத்தான் எண்ணியிருந்தார். தம் பண்ணைச் சாமான்களை ஏலம் போட்டபோது, குதிரையை விட்டுவிடும்படி ஏலக்காரரிடம் சொல்லியும் வைத்தார். ஏலக்காரர் மறந்துபோய்க் குதிரையையும் விற்றுவிட்டார். பெரியவர் ஏலக்காரர் மீது வழக்குத் தொடுத்தார். வென்றாரா?

நம்மில் பலர் ‘வென்றிருப்பார்’ என்போம். ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பெண் பார்க்கும் சடங்கிலிருந்து பஞ்சாயத்து வரை அந்த நியாயம் செல்லும். இங்கே இளையவர் மனத்திலும் சம்மதம் இருந்தது என்பது தெளிவு. ஆயினும் பெரியவர் தோற்றார். சம்மதம் மனத்தில் இருந்தால் போதாது, அதனைக் கேட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வேன்’ என்று ஒருவர் மற்றவர் தலையில் கட்ட முடியாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஒப்பந்தமே ஏற்படவில்லை, ஆகவே ஏலம் நடந்தபோது குதிரை பெரியவருடையது அன்று.

தேர்வில் இத்தகைய வினா வரும்போது கோட்பாடு மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்துவிட்டு, அதனை மறந்து, நம் மனச்சாட்சிக்கு எது சரி என்று பார்த்து விடையளிப்பதுதான் தவறு. உலக அனுபவம் மிக்கவர்களே இத்தவறை அதிகம் செய்கிறார்கள். கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞனுக்குக் கொடுத்த விதியைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதுவே அவனுக்கு அநுகூலம். உத்தியோகஸ்தருக்கு நடைமுறை தெரியும், ‘அலுவலகத்தில் இப்படித்தானே நடக்கிறது’ என்பார். அந்த அறிவைத் தேர்வுக்கூடத்தின் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

அடுத்தது, தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் வழக்கம். மகாராஷ்டிரத் தேர்விலும் லாசெட்டிலும் அது இல்லை. அங்கே ஒரு வினாவையும் விடை குறிக்காமல் விடுவது அறிவீனம். தில்லித் தேர்வில் உண்டு. 75 வினாக்கள், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. இதைக் கேட்டதும் அஞ்சி, ஐயமுள்ள வினாக்களை எல்லாம் விட்டுவிடுபவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத 20 வினாக்களுக்கு நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், சராசரியாக 5 சரியாகும்: 20 மதிப்பெண் வரவு, 15 கழிவு, மிச்சம் 5. நிச்சயமாகத் தவறு என்று தெரிந்த இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மற்ற இரண்டில் ஒன்றைக் குறித்தால், 10 சரி, 10 தவறு: 40 வரவு, 10 கழிவு, மிச்சம் 30. இது உறுதியான வரவன்று, சராசரிதான். ஆயினும் இரண்டு விடைகளை நீக்க முடிந்த வினாவை விட்டுவிடுவது கைக்கு வந்த கூலியை மறுப்பதற்கு ஒப்பாகும்.

நேரத்துக்கு எங்கே போவது? டோம்பிவிலியில் குடியிருந்து மும்பைக் கோட்டைப் பகுதியில் வேலை பார்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக்குவரவுக்கே நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போய்விடும். இரவில் திரும்பியபின் படிப்பேன் என்று அவர் திட்டமிட்டால், புத்தகம் மார்பின்மேல் கிடக்க உறங்கிப்போவார், அதில் குற்றமில்லை. அவர் விடியற்காலை நாலரை முதல் ஆறு வரை, வாரத்தில் ஐந்து நாள் படிக்கட்டும். ஞாயிறன்று நான்கு மணி நேரம். சனிக்கிழமையைக் குடும்பத்துக்கு விட்டுவிடட்டும். வாரத்துக்குப் பதினொன்றரை மணி ஆகிறது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய 300 மணி. பட்டதாரி ஒருவருக்கு இது போதுமென்பது என் கருத்து. ரயிலில் நின்றுகொண்டு தர்க்கக் கணக்குப் போட முடியாது. ஆனால் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தைப் படிக்கலாம். படித்தபின் தாளை மடித்துவிட்டு, ஆசிரியர் என்ன முடிவுக்கு வருகிறார், எந்தக் காரணத்தைக் கொண்டு வருகிறார் என்று மனத்துக்குள் இரண்டு வாக்கியங்களில் சொல்லிப்பார்ப்பது, எந்த வழிகாட்டி நூலையும்விட மேலான பயிற்சி. ஞாயிறன்று முழு மாதிரித் தேர்வு ஒன்றைக் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எழுதியதற்கு ஆன நேரத்தைவிட, தவறியவற்றை ஆராய அதிக நேரம் செலவிட வேண்டும்.

நம் முன்னோரில் சர் டி. முத்துசாமி ஐயரை இங்கே பலரும் உதாரணம் காட்டுவர். 1832இல் பிறந்து, மாதம் ஒரு ரூபாய் ஊதியத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாய்த் தொடங்கி, உத்தியோகத்தில் இருந்தபோதே சட்டப் பட்டம் பெற்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். தெருவிளக்கில் படித்தார் என்றும் சொல்வதுண்டு. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் அவருக்கு டோம்பிவிலி ரயில் இல்லை. ஒருநாள் படிக்க முடியாமற்போனால் அவரை நினைத்து மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மற்றொரு விதியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முழுநேரச் சம்பள உத்தியோகத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞர் மன்ற விதிகளில் 49ஆவது விதி இதனைத் தடுக்கிறது. பட்டம் பெற்றபின், உத்தியோகமா நீதிமன்றமா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நாள் வரும். தொழிலுக்குப் போகிறவர், 2011 முதல் நடந்துவரும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வையும் எழுத வேண்டும். வேலையை விடாமல், அலுவலகத்தின் சட்டப் பிரிவுக்கு மாறலாம் என்ற நோக்கத்துடன் படிப்பவரும் உண்டு. அவர்களுக்கு இவ்விதி ஒரு தடையன்று. இந்த இரண்டு நோக்கங்களில் தமக்குரியது எது என்பதை வீட்டாரோடும் பேசிவைத்துக்கொள்வது உத்தமம். நாலரை மணிக்கு அடிக்கும் கடிகாரம் அவர்களையும் எழுப்புகிறதல்லவா?

கடைசியாக விடுப்பு. முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச்சு மாதத்தில் நடைபெற்று வருகிறது. வங்கியிலும் கணக்குப் பிரிவிலும் இருப்பவருக்கு அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம்; விடுப்புக் கேட்டால் மேலதிகாரி முகம் சுளிக்கும் மாதம். விண்ணப்பத்தைப் பதிவுசெய்த அன்றே வாயால் சொல்லிவைத்து, தேர்வு நாள் அறிவிக்கப்பட்டவுடன் எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும். தேர்வு நாளுக்கு முந்தின நாளையும் சேர்த்துக் கேளுங்கள். தேர்வுக்கூடம் நகரின் மறுகோடியில் அமைந்துவிட்டால், ஒரு முறை போய் வழி பார்த்துவர அந்த நாள் உதவும்.