புதிய இசைக்கருவிக்குப் பெயரிடுதல்



சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் ஒரு தொழிலின் பெயராகும். முத்துக்குளித்தலைச் சலாபம் என்றும் சிலாபம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறையும் இச்சொல்லைத் தாங்கியதே என்பர். இன்று சிலாபத்தில் முத்துக்குளிப்பார் எவருமிலர். தென்னந்தோட்டங்களும் மீன்பிடித் துறையுமே ஊரின் வாழ்வாக விளங்குகின்றன. தொழில் மறைந்தது, பெயர் மறையவில்லை.

இத்தகைய ஊரில் தச்சர் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்வோம். பலாப் பலகையை மெல்லியதாக இழைத்து வளைத்து, நான்கு நரம்புகள் பூட்டி, தாமே வகுத்த வடிவில் ஓர் உகுலேலே செய்து முடிக்கின்றார். அதற்கு என்ன பெயரிடுவது? வினா சிறிது, ஆயினும் விடை எளிதன்று. தவறான பெயரைப் பெற்ற கருவி, தன்னைப் பற்றி ஒவ்வொரு சபையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே வாழ வேண்டியதாகும்.

முதலில் உகுலேலே என்பது யாதெனக் காண்போம். அது கிட்டாரின் சிறிய உறவு. அதன் சிறு வகை ஏறத்தாழ 21 அங்குல நீளமே உடையது. கழுத்தில் வீணைக்குள்ளது போன்று மெட்டுகள் உண்டு. கிட்டாரில் வாசிப்பவர் முகத்துக்கு அண்மையிலுள்ள நரம்பு தாழ்ந்த சுருதியைத் தரும். உகுலேலேயிலோ, வழக்கமான முறையில், அந்நரம்பும் உயர்ந்த சுருதியிலேயே கூட்டப்படும். அதனால் இக்கருவியில் கனத்த ஒலி இல்லை. துள்ளும் ஒலியே உண்டு.

இக்கருவி ஹவாய்த் தீவுகளுக்கு உரியதெனப் பலரும் எண்ணுவர். அதன் மூதாதையோ போர்த்துக்கலுக்குரிய மடெய்ரா தீவினின்று வந்தது. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் நாள் ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் ஹொனலூலுத் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கவென மடெய்ரா மக்கள் நானூற்றுவருக்கு மேற்பட்டோர் அதில் வந்திறங்கினர். கடல் கடந்து தோட்டம் சேர்ந்தோரின் வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. மூட்டை முடிச்சுகளோடு பாட்டும் உடன் செல்லும் என்பதை நாம் அறிவோம். அவர்கள் கொண்டுவந்தது மஷேட்டே என்னும் சிறு நரம்புக்கருவி. அக்கப்பலில் வந்த மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மரவேலைக்காரர் மூவரும் பின்னர் ஹொனலூலுவில் கடை வைத்து, அந்நாட்டுக் கோவா மரத்தில் அக்கருவியைச் செய்தனர். 1874 முதல் 1891 வரை அரசாண்ட கலாக்காவா மன்னர் அதனை ஆதரித்தார்.

செய்தவர் மஷேட்டே என்றனர். கேட்டவரோ வேறு பெயர் இட்டனர். ஹவாய் மொழியில் உக்கு என்பது தெள்ளுப்பூச்சி. லேலே என்பது துள்ளுதல். வாசிப்பவரின் விரல்கள் மெட்டுகளின் மேல் பாயும் வேகத்தைக் கண்டு மக்கள் அப்பெயரை இட்டனர் என்பது பரவலான கூற்று. அரண்மனையில் பணியாற்றிய உருவிற் சிறிய, சுறுசுறுப்பான ஆங்கிலேயர் ஒருவருக்கு இட்ட பட்டப்பெயரே கருவிக்கும் வந்தது என்பது மற்றொரு கூற்று. ஹவாயின் கடைசி அரசியாகிய லிலியுவோக்கலானி, 'இங்கு வந்த கொடை' என்று அதற்குப் பொருள் கண்டார். அரசி கண்ட பொருள் அழகியது. எனினும் மக்கள் நாவில் நிலைத்தது தெள்ளுப்பூச்சியே.

இனி நம்மிடையே கருவிகள் எவ்வாறு பெயர் பெற்றன என நோக்குவோம். உருவத்தாலும் அளவாலும் பெயர் பெற்றவை சில. பழந்தமிழர் யாழ்களுள் 21 நரம்புடையது பேரியாழ். 19 நரம்புடையது மகரயாழ். சிறிய யாழ் சீறியாழ் எனப்பட்டது. இவற்றை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டு யாழ்நூலை வெளியிட்டார். ஹவாயிலும் இவ்வழக்கு உண்டு: சாமுவேல் கமாக்கா வகுத்த நீள்வட்ட உகுலேலே அன்னாசிப்பழத்தின் பெயரைப் பெற்றது. செய்பொருளால் பெயர் பெற்றது தமிழகத்துத் திருவிழாக்களில் விற்கும் கொட்டாங்கச்சி வயலின். நம் நாட்டில் அதனைச் சிரட்டை வயலின் என்போம். வாசிக்கும் முறையால் பெயர் பெற்றது கோட்டுவாத்தியம். கோடு என்பது நரம்பின்மேல் உருட்டும் மரத்துண்டைக் குறிக்கும். வந்த பெயரையே வைத்துக்கொண்டது வயலின். மாண்டலினும் அவ்வாறே, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய ஸ்ரீநிவாஸ் அவர்களைக் கருவியின் பெயராலேயே மக்கள் அழைத்தனர்.

மனிதர் பெயரைக் கருவிக்கு இடுவதில் ஓர் இடர் உண்டு. வங்கத்துச் சரோத் கலைஞர் ராதிகா மோகன் மைத்ரா, சரோதையும் சுர்பகாரையும் இணைத்து ஒரு கருவி அமைத்தார். இசையறிஞர் தாக்கூர் ஜெய்தேவ் சிங் அதற்கு மோகன் வீணை எனப் பெயரிட்டார். பின்னர் விசுவ மோகன் பட், ஹவாய் கிட்டாரைத் திருத்தி வேறொரு கருவி அமைத்தார். அதன் பெயரும் மோகன் வீணையே. அவர் 1994இல் கிராமி விருது பெற்றதும் அப்பெயர் உலகெங்கும் பரவியது. இருவர் பெயரிலும் மோகன் உண்டு. இருவர்க்கும் உரிமை உண்டு. ஆயினும் முந்திய கருவியைப் பற்றிப் பேசுவோர், 'இது அந்த மோகன் வீணை அன்று' எனத் தொடங்க வேண்டியதாயிற்று.

உகுலேலேக்கே நேரான உதாரணம் ஒன்றும் உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த தேபாசிஷ் பட்டாச்சாரியா, மடியில் வைத்து, நரம்பின்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கருவிகள் மூன்றை வகுத்தார். பல நரம்புடைய இரண்டும் சதுரங்கி, கந்தர்வி எனப்படும். மூன்றாவது நான்கே நரம்புடைய உகுலேலே. அதன் பெயர் ஆனந்தி. அவருடைய மகளின் பெயரும் ஆனந்தி. இங்கே அவர் வீணை என்னும் பழம் பெருமையைக் கடன் வாங்கவில்லை. என்ன கருவி என்று கேட்டால், 'உகுலேலே' என்று இனம் சொல்லலாம். எந்த உகுலேலே என்று கேட்டால், 'ஆனந்தி' எனலாம்.

இம்முறையே சிலாபத்தாருக்கு இயல்பாகப் பொருந்துவது. கரையில் நிற்கும் வள்ளங்களைப் பாருங்கள். எல்லாம் வள்ளமே. ஆயினும் முகப்பில் எழுதிய பெயர் ஒவ்வொன்றுக்கும் வேறு. கருவிக்கும் இனப்பெயர் ஒன்று, தனிப்பெயர் ஒன்று என இரண்டு வேண்டும். இனப்பெயரை மாற்றினால் வாங்க வருபவர் மயங்குவர். தனிப்பெயர் இல்லையேல் செய்தவர் உழைப்பு பெயரின்றிப் போகும்.

நம் தச்சர் அதனைச் சீறியாழ் என்று அழைக்க விரும்பலாம். அது தமிழ்ப்பற்றால் எழும் விருப்பமே, ஆயினும் பொருந்தாது. யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு. மெட்டுள்ள கழுத்து அதற்கில்லை. அப்பெயர் ஏற்கனவே வேறொரு கருவிக்கு உரியது. பழந்தமிழ்க் கருவியைத் தேடும் நாளைய மாணவன் ஒருவன் அதனால் வழிதவறுவான். இனப்பெயரைத் தமிழாக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலேயர் 'யூக்கலேலி' எனத் திரித்ததை விட்டு, ஹவாய் மக்களைப் போல உ-கு-லே-லே என்று சொல்லிப் பாருங்கள். ஏலேலோ பாடி வலையிழுத்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

தனிப்பெயரைத் தேர்வதற்கு மூன்று வினாக்கள் போதும். கருவியில் உள்ளதொன்றை அப்பெயர் மெய்யாகக் குறிக்கின்றதா? அதனை வேறெவரும் முன்னரே கொண்டுள்ளனரா? சந்தையிலும் சபையிலும் அதனைத் தடையின்றிச் சொல்ல இயலுமா? இவற்றுக்கும் முன்னதாக ஒரு வினா உண்டு. கருவியில் புதுமை ஏதேனும் உண்டா? ஓசையிலோ அமைப்பிலோ வேறுபாடு இல்லாதபோது புதுப்பெயர் இடுவது, பழைய வள்ளத்துக்குப் புதுச்சாயம் பூசி விற்பது போலாகும்.

ஆகவே, கருவி செய்வோருக்கு நாம் கூறத்தக்கது இதுவே. கருவி முடிந்த அன்றே பெயரைப் பலகையிற் பொறித்து ஒட்டிவிட வேண்டாம். சில காலம் அது ஊரில் ஒலிக்கட்டும். திருமண வீட்டிலும் கடற்கரையிலும் பிள்ளைகள் கையிலும் இருக்கட்டும். அவர்கள் அதனை எப்பெயரால் கேட்டு வாங்குகின்றனர் என்று தச்சர் கவனிக்கட்டும். ஹொனலூலுவில் மரவேலைக்காரர் மூவரும் கருவியைச் செய்தனர். கேட்டு நின்றவர் பெயரைத் தந்தனர். சிலாபத்திலும் அவ்வாறே ஒரு பெயர் கிடைக்குமாயின், அதனைப் பொறிப்பதற்கு அப்பொழுது பலகை எடுக்கலாம்.