நீரடியை அறியும் கருவியும் அலுமினியப் படகும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் வயலும் கிணறும் சாலையும் பள்ளிக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நீர்த்தேக்கங்கள் பாசனத்திற்கும் குடிநீருக்கும் பயன்படுவதோடு மலிவான புரத உணவையும் தருகின்றன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். செம்பட்டிக்கு அருகே, மேற்கு மலைகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் அளிப்பது. அங்கே மீன்பிடிப்போரும் உண்டு. இத்தகைய நீர்நிலைகளில் தொழில் செய்வோர் அண்மைக் காலமாக மீன் காட்டும் கருவியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். அதை வாங்கலாமா, வாங்கினால் படகில் எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

கருவி வேலை செய்யும் விதம்

மலைப் பாறைக்கு எதிரே நின்று குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருகிறது. அது வரும் நேரத்தைக் கணக்கிட்டால் பாறை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது தெரிந்துவிடும். இக்கருவியின் தத்துவமும் அதுவே. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நம் நாட்டு வெதுவெதுப்பான நீரிலோ சுமார் 1,500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,900 அடி செல்கிறது. 20 அடி ஆழத்தில் அனுப்பிய ஒலி தரையில் மோதித் திரும்ப 40 அடி பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வினாடியில் 120இல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. இவ்வளவு நுட்பமான நேரத்தை மனிதனால் அளக்க இயலாது, கருவி அளந்துவிடுகிறது.

படகில் இருக்கும் திரைப்பெட்டி கருவியின் ஒரு பகுதி. நீரில் மூழ்கியிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் சிறு உறுப்பு மற்றொன்று. இதற்கு டிரான்ஸ்டியூசர் என்று பெயர். கருவியின் உயிர் இதுவே. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880இல் பிரான்ஸ் நாட்டுக் கியூரி சகோதரர்கள் கண்டனர். முதல் உலகப் போரின்போது லாஞ்செவின் என்ற அறிஞர் இத்தன்மையைப் பயன்படுத்தி நீருக்கடியில் ஒலியை அனுப்பும் முறையை உருவாக்கினார். 1948இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீனவருக்கென இக்கருவியைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தனர்.

மீனின் உடலில் உள்ள காற்றுப்பை ஒலியை நன்கு திருப்பியனுப்புகிறது. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களுக்கு இப்பை உண்டு. ஆகவே அவை திரையில் தெரிகின்றன. ஆனால் நீரிலுள்ள காற்றுக் குமிழும் அவ்வாறே ஒலியைத் திருப்பியனுப்பும். பொருத்தும் முறையிலுள்ள எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அலுமினியப் படகின் தனித்தன்மை

நம் நீர்த்தேக்கங்களில் பரிசலே நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. கண்ணாடியிழைப் படகும், சிற்சில இடங்களில் அலுமினியப் படகும் பயன்படுகின்றன. அலுமினியம் எடை குறைந்தது, கரையேற்றுவதும் எளிது. ஆயினும் அதில் இரு குறைகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது அரிப்பு. செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றுள் ஒன்று நீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலம் போல் ஆகின்றன. அதில் தேய்ந்து போவது அலுமினியமே. உப்பு நீரில் இது வேகமாகவும் நன்னீரில் மெதுவாகவும் நடைபெறும், முற்றிலும் நில்லாது. ஆகவே வெண்கலக் கூடுடைய டிரான்ஸ்டியூசரை அலுமினியப் படகில் பொருத்தவே கூடாது. பிளாஸ்டிக் கூடுடையதே ஏற்றது. செம்பு கலந்த பாசி எதிர்ப்புச் சாயத்தையும் இப்படகில் பூசலாகாது.

இரண்டாவது, ஒலி ஊடுருவாமை. கெட்டியான கண்ணாடியிழைப் படகில் டிரான்ஸ்டியூசரை உட்புறத்தில் ஒட்டி, அடிப்பகுதியின் வழியாகவே ஒலியை அனுப்ப முடியும். அலுமினியத் தகட்டில் இம்முறை சரிவராது, எதிரொலி மங்கிவிடும். ஆகவே படகின் பின்புறச் சுவரில் வெளியே பொருத்துவதே தக்க வழி.

பொருத்தும் முறை

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு செல்லும்போது நீர் கலங்காமல் ஓடும் இடமாக அது இருத்தல் வேண்டும். அலுமினியப் படகின் அடியில் ஆணித்தலைகளும் விலா வரிகளும் புடைத்திருக்கும். அவற்றின் பின்னே குமிழ்கள் வரிசையாகத் தோன்றும். அந்த நேர்க்கோட்டைத் தவிர்க்க வேண்டும். இயந்திரம் உள்ள படகானால், சுழல்விசிறியிலிருந்து ஒன்றேகால் அடியாவது தள்ளியிருப்பது நலம். பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழலும் விசிறிக்கு வலப்புறம் பொருத்தினால் குமிழ்த் தொல்லை குறையும். துடுப்பால் செலுத்தும் படகில் இக்கவலை இல்லை.

அடுத்தது துளையிடுதல். சுவரில் துளையிடுவதற்கு முன் ஒன்றுக்கு இருமுறை யோசிக்க வேண்டும். இடம் சரியில்லையென்று மறுபடி மறுபடி துளையிட்டால் ஒவ்வொரு துளையும் நீர் கசியும் வாயிலாகும். சங்கத்தின் பொதுப் படகு ஒருவரின் அவசரத்தால் பாழாவது பெரும் நஷ்டமன்றோ? இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. அரை அங்குலக் கனமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்றைச் சுவரில் ஒரே முறை நிலையாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதைப் பிடிக்கும் திருகுகள் இயன்றவரை நீர்மட்டத்திற்கு மேலே அமையட்டும். டிரான்ஸ்டியூசரின் தாங்கியை இப்பலகையில் திருகிவிட்டால், பின்னர் எத்தனை முறை இடம் மாற்றினும் படகின் உடலுக்குச் சேதமில்லை. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே பயன்படுத்தி, ஒவ்வொரு துளையிலும் படகுக்கென விற்கும் அடைப்புப் பசையை நிரப்ப வேண்டும்.

மூன்றாவது உயரம். டிரான்ஸ்டியூசரின் அடிமுகம் கண்ணாடியிழைப் படகில் அடிமட்டத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டரும், அலுமினியப் படகில் சுமார் 10 மில்லிமீட்டரும் கீழே இருக்குமாறு வைப்பது வழக்கம். அலுமினிய அடிப்பகுதியின் மேடுபள்ளங்கள் எழுப்பும் குமிழ்ப் படலத்திற்குக் கீழே அது செல்ல வேண்டும் என்பதே காரணம். வாங்கிய கருவியின் கையேட்டில் வேறு அளவு இருப்பின் அதையே பின்பற்றுக. படகில் ஆட்கள் அமர்ந்திருக்கையில் அடிமுகம் நீர்ப்பரப்புக்கு இணையாக உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது மின்கம்பி. டிரான்ஸ்டியூசரின் கம்பி நீளமாக உள்ளதென்று அதை வெட்டக் கூடாது. சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். இயந்திரக் கம்பிகளோடு சேர்த்துக் கொண்டு செல்வதும் ஆகாது. திரையில் வீண் கோடுகள் தோன்றும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கையேட்டில் குறித்த பியூஸ் வழியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். படகின் உடலையே ஒரு கம்பியாகப் பயன்படுத்துவது பெருந்தவறு. கசியும் மின்சாரம் அலுமினியத்தை அரித்துவிடும். இரு கம்பிகளும் தனித்தனியே பேட்டரிக்குச் செல்ல வேண்டும்.

பரிசல் வைத்திருப்போர் ஏமாற வேண்டியதில்லை. உறுதியான கழியின் நுனியில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, விளிம்பில் நெட்டாகப் பிணைத்து, வேண்டியபோது இறக்கியும் ஏற்றியும் உபயோகிக்கலாம்.

சோதனையும் வாசிப்பும்

பொருத்தியபின் நம் முன்னோர் முறையால் கருவியைச் சோதிக்க வேண்டும். அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு சொல்லும் ஆழத்தையும் திரை சொல்லும் ஆழத்தையும் ஒப்பிடுக. டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்திற்கு எவ்வளவு கீழே உள்ளதோ அவ்வளவு வித்தியாசம் காணப்படுவது இயற்கை.

திரையின் வலது ஓரமே இந்த நொடி. இடப்பக்கம் செல்லச் செல்லக் கடந்த காலம். படகு நின்றிருக்கும்போது அடியில் நிற்கும் ஒரே மீன் நீண்ட கோடாகத் தெரியும். அதைப் பெருங்கூட்டமென மயங்கலாகாது. மூழ்கிய மரக்கட்டையையும் சில கருவிகள் மீன் உருவமாகக் காட்டுவதுண்டு.

வாங்கலாமா?

ஒலி கூம்பு வடிவில் விரிகிறது. 20 டிகிரி கூம்புடைய கருவி 20 அடி ஆழத்தில் 7 அடி அகலத்தையே பார்க்கும். 70 அடி ஆழத்தில் சுமார் 25 அடி அகலத்தைப் பார்க்கும். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. வைகை அணையினுடையது 71 அடி. அத்தகைய ஆழமான நீர்த்தேக்கங்களில் மீன் தேடுவதற்கு இக்கருவி துணை செய்யும். காமராஜர் நீர்த்தேக்கம் அவ்வளவு ஆழமுடையதன்று. கோடையில் நீர் மேலும் இறங்கிவிடும். இங்கே மீனைத் தேடுவதற்கென்றே இதை வாங்குவது சிக்கனமாகாது. வலை, மீன்குஞ்சு, மிதவை அங்கி ஆகியவற்றிற்குச் செலவிட்ட பின்னரே சங்கங்கள் இதைப்பற்றி எண்ண வேண்டும்.

எனினும் ஆழம் குறைந்த நீர்நிலைகளிலும் இதற்கு வேறு பயன்கள் உண்டு. வலையைக் கிழிக்கும் கட்டைகளும் பாறைகளும் எங்குள்ளன என்று முன்னரே அறியலாம். அதைவிட முக்கியமானது வண்டல் கணக்கு. கரையில் இரு அடையாளங்களை நிலையாக வைத்து, அவற்றிற்கிடையே ஆண்டுதோறும் ஒரே நேர்க்கோட்டில் படகைச் செலுத்தி ஆழத்தைக் குறித்து வர வேண்டும். அன்றைய நீர்மட்ட அளவையும் உடன் எழுதி வைத்தால், எந்த இடத்தில் எவ்வளவு மண் படிந்துள்ளது என்பது சில ஆண்டுகளில் தெளிவாகும். தூர்வாரும் கோரிக்கைக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. பல சங்கங்களும் ஊராட்சிகளும் கூடி ஒரே கருவியை முறை வைத்துப் பயன்படுத்தினால் செலவும் பெரிதன்று.

கருவி மீனைக் காட்டுமேயன்றி மீனைப் பெருக்காது. குஞ்சுகள் திரளும் இடம் திரையில் தெரிந்தால் அங்கே வலையை வீசாமல் விலகிச் செல்வதே அறிவுடைமை. இன்று விட்டுவைக்கும் குஞ்சே நாளை சங்கத்தின் வருமானம். பொருத்துவதில் பொறுமையும் பயன்படுத்துவதில் கட்டுப்பாடும் இருப்பின், இச்சிறு கருவி நம் நீர்நிலைகளைக் காக்கவும் உதவும்.